பாப்பாக்காவும் பதினேழாம் கட்டிலும்

சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் பாப்பாக்கா. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, கண் மருந்து வந்த காலிக் குப்பியில் வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்த தேங்காய் எண்ணெயை ஒவ்வொரு கட்டில் சக்கரத்திலும் மூன்று சொட்டு விடுவார். நான்காவது சொட்டு விட்டால் எறும்பு வரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இருபத்திரண்டு கட்டில்கள், எண்பத்தெட்டு சக்கரங்கள். காலை ஏழரைக்குள் முடிந்துவிடும். பழுது பார்க்கும் பிரிவுக்கு எழுதிப் போட்டால் ஆள் வர நான்கு மாதம் ஆகிறது. அப்படி வந்த ஒருவர், ‘கட்டில்களில் சமையல் வாசனை வீசுகிறது’ என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனாராம்.

அந்த வார்டில் பதினெட்டாம் கட்டில் என்னுடையது. கோலா கங்சார் நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு அளந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வீட்டுப் பின்புறம் கிடந்த பழைய பலகையை மிதித்து, துரு ஆணி குதிகாலில் ஏறி, கிருமி எலும்புவரை போய்விட்டது. ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஈப்போவுக்கு வெளியே இருக்கும் அந்த மருத்துவமனையின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை.

பாப்பாக்காவின் உத்தியோகப் பெயர் மலாயில் மூன்று வார்த்தை நீளம். வார்டில் சுருக்கமாக அட்டெண்டன் என்பார்கள். நோயாளியைத் துடைப்பது, புரட்டுவது, தள்ளிக்கொண்டு போவது, தள்ளிக்கொண்டு வருவது அவர் வேலை. வயது ஐம்பத்து நான்கு. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நான் கண்ணாலேயே அளந்துவிடுவேன். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தார். பெயர் வைக்கும் பொறுமை அதற்குள் வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. பதிவு செய்யப் போன அப்பாவிடம் குமாஸ்தா பெயர் கேட்க, “பாப்பாலா” என்றாராம் அப்பா. எங்கள் ஊர்ப் பேச்சில் வாலாக ஒட்டும் அந்த ‘லா’வும் சேர்ந்து, அடையாள அட்டையில் இன்றுவரை அதுதான்.

இதனால் வரும் குழப்பத்துக்கு அளவில்லை. மலாயில் ‘பாப்பா’ என்றால் அப்பா. புதிதாக வந்த மலாய் டாக்டர் பெண்ணிடம் ஒரு நாள் தாதி, “பத்தாம் கட்டிலுக்குப் பாப்பாவைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போக, அந்தப் பெண் பத்தாம் கட்டில்காரரின் கோப்பைத் தேடி, சிலிம் ரிவரில் இருந்த எண்பத்தேழு வயதுத் தகப்பனாருக்குத் தொலைபேசி போட்டுவிட்டார். பாவம், மகன் போய்விட்டான் என்று நினைத்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு கிழவர் வந்து இறங்கினார். மகனோ கட்டிலில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தான்.

மருந்து ஏற்றி முடித்ததும் இயந்திரம் பீப் பீப் என்று கத்தும். பாப்பாக்கா அதற்கு வார்டின் மறு கோடியிலிருந்து பதில் சொல்வார். “வாய மூடு. வாரேன்.” நோயாளிகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உறுப்பு வைத்துத்தான். நான் கால் சார். எதிர்க் கட்டிலில் கல்லீரல் அண்ணே. பதினேழாம் கட்டிலுக்கு வந்தவனுக்கு வால்வு என்று பெயரானது.

வால்வின் இயற்பெயர் தர்மேந்திரன். முப்பத்தெட்டு வயது. டயர் கடையில் வேலை பார்த்தவன். பத்தாண்டுகளாக ஊசியில் ஹெராயின் ஏற்றிக்கொள்கிறவன். அழுக்கு ஊசி வழியாக இரத்தத்தில் போன கிருமி இதயத்தின் வால்வில் போய் உட்கார்ந்திருந்தது. எனக்கு எழுதிய அதே மருந்து, அதே ஆறு வாரம். வித்தியாசம் ஒன்றுதான். நான் அடங்கி இருப்பேன் என்று எல்லோரும் நம்பினார்கள். அவன் ஓடிவிடுவான் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்புவதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டிலேயே இரண்டு முறை இதே காய்ச்சலோடு வந்து, இரண்டு முறையும் மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ‘என் உயிருக்கு நானே பொறுப்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறும் அந்தப் படிவத்தை அங்கே ஏ.ஓ.ஆர். என்பார்கள்.

மூன்றாம் நாளின் கணக்கு எளிது. காய்ச்சலுக்கு மருந்து இருந்தது. கியானுக்கு அந்த வார்டில் இல்லை. ஹெராயின் கிடைக்காத உடம்பு படும் பாட்டுக்குத்தான் கியான் என்று பெயர். மூக்கொழுகி, வயிறு கழன்று, எலும்புக்குள் யாரோ உலுக்குவது போல அவன் புரண்டதை ஓர் அடி தூரத்திலிருந்து பார்த்தேன். இந்த முறையும் மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தான்.

“அக்கா, அந்த ஃபார்ம் கொண்டாங்க. நான் கெளம்புறேன்.”

பாப்பாக்கா படிவத்தைக் கொண்டுவந்து அட்டையில் செருகி அவன் மடியில் வைத்தார். பையிலிருந்து ஒரு பேனாவையும் கொடுத்தார். அவன் தேய்த்துப் பார்த்தான்.

“எழுதலக்கா.”

“கவர்மெண்ட் பேனாலா. இந்தா, இது.”

இரண்டாவதும் எழுதவில்லை. மூன்றாவதில் முனையே இல்லை. நான்காவதை உதறியபோது அதன் வால் பறந்து என் கஞ்சிக் கிண்ணத்தில் விழுந்தது. ஐந்தாவது பேனாவை எடுக்கப் பை முழுவதையும் என் கட்டிலில் கொட்டினார் பாப்பாக்கா. மொத்தம் இருபது பேனாக்கள் இருக்கும். என் சட்டைப் பையில் நல்ல பேனா ஒன்று இருந்ததை நானும் அவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். பதினோராவது பேனாவில், டாக்டர் ஆரணன் வந்து சேர்ந்தார்.

தைப்பிங்கிலிருந்து வந்த இளம் தொற்று நோய் டாக்டர் அவர். கியானுக்கு மெத்தடோன் என்றொரு மருந்து இருக்கிறது. ஒரு குவளைப் பாகு, அன்றைய வேதனை அடங்கும். அதைத்தான் கேட்டுத் தொலைபேசியில் நின்றார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது நிமிடம் கழித்து வைத்துவிட்டு, பாப்பாக்காவிடம் சொன்னார்.

“மெத்தடோன் அடுத்த பில்டிங்ல, மனநலப் பிரிவு கவுண்டர்லதான் குடுப்பாங்க அக்கா. பேஷண்ட் நேர்ல வந்து, நம்பர் எடுத்து, பார்மசிஸ்ட் முன்னாடி குடிக்கணும்.”

“கூட்டிட்டுப் போறேன் டாக்டர்.”

“போதை ஊசி போடுற பேஷண்ட் கையில மருந்து ஏத்துற லைன் இருந்தா வார்ட விட்டு வெளிய விடக் கூடாது. நம்ம ரூல்.”

“அப்ப அவங்க இங்க வரட்டும்லா.”

“கவுண்டர்ல பதிஞ்ச ஆளுக்குத்தான் மருந்து. பதியணும்னா வெளிநோயாளியா இருக்கணும். இவரு உள்நோயாளி.”

“உள்ள இருந்தா குடுக்க மாட்டாங்க. வெளிய போனா நாம மருந்து குடுக்க மாட்டோம்.”

“ஆமா.”

“அப்ப இவன் எங்க இருக்கணும்? வாசப்படியிலயா?”

மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பதாகவும், மூன்று வாரத்துக்குப் பிறகு தேதி கொடுத்திருப்பதாகவும் டாக்டர் ஆரணன் சொன்னார். மூன்று வாரம் என்ற வார்த்தையைக் கேட்டுத் தர்மேந்திரன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் தலைமாட்டில் அந்த விதியை எழுதிய சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. பாப்பாக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு முறை. இன்னொரு முறை.

“டாக்டர், இதுல வார்டுன்னு போடல. கட்டில விட்டு எறங்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு?”

“ஆமா.”

“எறங்க மாட்டான்,” என்றார் பாப்பாக்கா.

அன்று என்னையும் எக்ஸ்ரேக்கு அழைத்துப் போக வேண்டிய நாள். எக்ஸ்ரேயும் அதே பக்கம். இரண்டு முறை நடக்க அவருக்கு நேரமில்லை. என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, படுக்கை விரிப்பை முறுக்கி, நாற்காலியைக் கட்டிலின் வால் பக்கத்தில் கட்டினார். முன்னால் கட்டில், கட்டிலில் தர்மேந்திரன், கட்டிலோடு மருந்துக் கம்பம், பின்னால் இழுவை வண்டியாக நான். லிஃப்டின் வாசலுக்கும் கட்டிலுக்கும் இடைவெளி இருபுறமும் இரண்டு அங்குலம். என் முப்பத்தொரு ஆண்டு அனுபவத்தில் அவ்வளவு துல்லியமாக ஒரு பொருள் ஒரு துவாரத்தில் நுழைந்து நான் கண்டதில்லை. நான் மட்டும் வெளியே நின்றுபோனேன். லிஃப்ட் கதவு என் முழங்காலில் மோதி மோதித் திறந்தது. “கால மடக்குங்க சார், கால மடக்குங்க” என்று உள்ளிருந்து குரல் வந்தது. பலகை வைத்துக் கட்டிய, மடக்க முடியாத கால் என்பதால்தானே நான் அங்கே இருந்தேன். கடைசியில் என்னை அவிழ்த்து, அடுத்த நடையில் இறக்கி, கீழே மறுபடி கட்டினார்.

கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாகக் கூரை போட்ட நடைபாதை. வழியில் ஒரு கார் ஹார்ன் அடித்தது. பாப்பாக்கா கையைக் காட்டி அதை நிறுத்திவிட்டுக் கடந்தார்.

கவுண்டர் முன்னால் முப்பது பேர் வரிசையில் இருந்தார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், மீன் சந்தையில் வேலை செய்கிறவர்கள், டை கட்டிய ஒருவர். வேலைக்குப் போகும் வழியில் அன்றாடக் குவளையைக் குடித்துவிட்டுப் போகிறவர்கள். கட்டிலைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். ஒருவர் மட்டும் வரிசையில் முந்துவதா என்று முணுமுணுத்தார். பாப்பாக்கா இயந்திரத்தில் சீட்டு எடுத்துத் தர்மேந்திரனின் நெஞ்சில் வைத்தார். நாற்பத்து மூன்று. நாங்கள் வரிசையில் நின்றோம். கட்டில் அங்குலம் அங்குலமாக முன்னேறியது.

மருந்தாளர் குமரப்பன் நேர்மையான மனிதர். விதி ஏட்டை மனப்பாடம் செய்தவர். கண்ணாடிச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சன்னல் உயரம் நாலரை அடி. படுத்திருந்த நோயாளி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பாப்பாக்காவின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

“நாப்பத்து மூணு எங்க?”

“கீழ இருக்கான் சார்.”

“பேஷண்ட் என் முகத்துக்கு நேரா வரணும்க்கா. முகத்தப் பாக்காம குடுக்க முடியாது.”

பாப்பாக்கா கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்திவிட்டுக் கால்மிதியை அழுத்தினார். கட்டில் முனகிக்கொண்டே உயர்ந்தது. மறுபடி அழுத்தினார். சன்னலின் கீழ் விளிம்பில் முதலில் தர்மேந்திரனின் தலைமுடி வந்தது, பிறகு நெற்றி, பிறகு நீர் வழியும் இரண்டு கண்கள். மூக்கு வந்ததும் நிறுத்தினார்.

“போதுமா சார்?”

“வாய் தெரியணும்.”

இன்னும் இரண்டு மிதி. வரிசையில் நின்ற டை கட்டியவர் கைதட்டினார்.

குமரப்பன் அடையாள அட்டை எண்ணைத் தட்டினார். கணினி மறுத்தது. ஆள் பதினேழாம் கட்டிலில் இருப்பதாகச் சொன்னது. “பதினேழாம் கட்டில்லதான் இருக்கான்,” என்றார் பாப்பாக்கா, கட்டிலைத் தட்டிக் காட்டி. அதைக் கணினி ஏற்கவில்லை. சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மனநல மருத்துவர் தக்ஷாயினி வெளியே வந்தார். நாலரை அடி உயரத்தில் மிதந்துகொண்டிருந்த நோயாளியை ஒரு கணம் பார்த்தார். பின்னால் விரிப்பில் கட்டப்பட்டிருந்த என்னைப் பார்த்தார். நான் யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதும் கடினம்தான். கட்டிலை இறக்கச் சொல்லி, நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, அங்கேயே, அந்தக் கூடத்திலேயே, தர்மேந்திரனிடம் பத்து நிமிடம் மெல்லிய குரலில் பேசினார். அவன் கண்பாவையைப் பார்த்தார். நாடி பிடித்தார். பிறகு டாக்டர் ஆரணனுக்குத் தொலைபேசி போட்டார்.

“ஆரணன், உங்க பேஷண்ட கம்ப்யூட்டர்ல மட்டும் டிஸ்சார்ஜ் பண்ணுங்க. அஞ்சு நிமிஷம். நான் பதிஞ்சிடுறேன்.”

அந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பதினேழாம் கட்டில் காலி என்று கணினி அறிவித்தது. அறிவித்த மறு நிமிடம், நிமோனியா காய்ச்சலோடு கீழே காத்திருந்த சீனப் பெரியவர் ஒருவருக்கு அது ஒதுக்கப்பட்டது. அவரைத் தள்ளுவண்டியில் மேலே கொண்டுபோனார்கள். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் தரைதான் இருந்தது. வார்டு சிஸ்டர் காவலுக்கு நிற்கும் ஜாகாவைக் கூப்பிட்டார். மருத்துவமனைக் காவலர்களின் வாக்கிடாக்கிகள் எல்லாவற்றிலும் “கத்தில் ஹிலாங், கத்தில் ஹிலாங்” என்று ஒலித்தது. கட்டில் காணோம், கட்டில் காணோம். இரண்டு ஜாகாக்கள் ஓடி வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டபோது, தர்மேந்திரன் குவளையை வாயில் வைத்திருந்தான்.

மெத்தடோன் குடித்தவர் ஏதாவது பேச வேண்டும். வாயில் அடக்கிவைத்து வெளியே போய் விற்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு விதி. பெரும்பாலோர் நன்றி சொல்வார்கள்.

“பேசுங்க,” என்றார் குமரப்பன்.

தர்மேந்திரன் ஜாகாக்களைப் பார்த்தான். பாப்பாக்காவைப் பார்த்தான்.

“இந்த மருந்துக்கு இவ்வளவு பேரா வரணும்?” என்றான்.

திரும்பும் வழியில் அவனை மறுபடி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்வதென்றால் அவசரப் பிரிவு வழியாகத்தான். கட்டில் அங்கே போனது. பதிவுக் குமாஸ்தா படிவத்தைப் பார்த்துக் கேட்டார்: நோயாளி எதில் வந்தார்? ஆம்புலன்ஸ், சொந்த வாகனம், நடந்து. மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

“கட்டில்ல,” என்றார் பாப்பாக்கா.

குமாஸ்தா கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் பொறித்திருந்த தம் மருத்துவமனையின் முத்திரையைப் பார்த்தார். பெருமூச்சுவிட்டு, ‘சொந்த வாகனம்’ என்ற இடத்தில் கோடு போட்டார். மாலைக்குள் தர்மேந்திரனின் கையில் இரண்டு அடையாளப் பட்டைகள் இருந்தன. சீனப் பெரியவருக்கு ஒன்பதாம் கட்டில் கிடைத்தது. நான் எக்ஸ்ரே எடுக்காமலே திரும்பியிருக்கிறேன் என்பது மறுநாள்தான் யாருக்கோ ஞாபகம் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தர்மேந்திரன் எழுந்து உட்கார்ந்து, தன் சோற்றைத் தின்று, என் வாழைப்பழத்தையும் கேட்டு வாங்கித் தின்றான். நான்காம் நாளும் அவன் கட்டிலில் இருந்தான். தாதிகள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து நாள் காலை, கட்டில் போய் வந்தது. வரிசையில் நிற்பவர்கள் அதற்கு இடம் பிடித்து வைக்கத் தொடங்கினார்கள். “தெனமும் இப்படித்தான் வரப்போறீங்களாக்கா?” என்று குமரப்பன் கேட்டதற்கு, “நாப்பத்திரண்டு நாளுக்குலா சார்” என்று பாப்பாக்கா பணிவாகச் சொன்னார். ஏழாம் நாள் தீயணைப்புப் பாதுகாப்புக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. அவசர வழியைக் கட்டில் ஒன்று தினமும் அடைக்கிறது என்று புகார். கூட்டம் கூடியது. தர்மேந்திரனின் இதயத்தைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை என்று டாக்டர் ஆரணன் பிற்பாடு சொன்னார். கட்டிலின் நீள அகலம், கதவின் நீள அகலம், தீப்பிடித்தால் முப்பது பேர் வெளியேற ஆகும் விநாடிகள், இவற்றைத்தான் இரண்டு மணி நேரம் பேசினார்களாம். முடிவில், எக்காரணம் கொண்டும் கட்டில் கவுண்டருக்குப் போகக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அப்படியானால் கவுண்டர்தான் கட்டிலுக்கு வர வேண்டும் என்று டாக்டர் தக்ஷாயினி எழுந்து சொன்னபோது, தீயணைப்பு அதிகாரி உடனே சம்மதித்துவிட்டாராம். அவருக்கு அதில் ஆட்சேபம் எதுவும் தோன்றவில்லை.

எட்டாம் நாள் காலை, பூட்டுப் போட்ட சின்னப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு குமரப்பன் வார்டுக்குள் வந்தார். எட்டு ஆண்டுகளில் அந்தக் கட்டடத்துக்குள் அவர் வருவது அதுவே முதல் தடவை. கழிப்பறை எங்கே என்று என்னிடம் கேட்டார். அன்று செவ்வாய்க்கிழமை; அது முதல் செவ்வாய்தோறும் தொற்று நோய் டாக்டரும் மனநல டாக்டரும் மருந்தாளரும் ஒன்றாகக் கட்டிலைச் சுற்றி நிற்கத் தொடங்கினார்கள். வால்வைப் பற்றி ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டார். கியானைப் பற்றி மற்றவர் சொன்னதை இவர் எழுதிக்கொண்டார். தர்மேந்திரனையும் கேட்டார்கள். இதற்கு மலாயில் நீளமான பெயர் ஒன்று வைத்துக் கதவில் ஒட்டினார்கள். பாப்பாக்கா அதை ஜோடி ரவுண்டு என்பார்.

இருபத்தாறாம் நாள் தர்மேந்திரன் காணாமல் போனான்.

மதியம் இரண்டரைக்குத் தாதி பார்த்தபோது கட்டில் இருந்தது, ஆள் இல்லை. “சொன்னேன்ல?” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சொன்னவர்கள் எல்லோர் முகத்திலும் லேசான திருப்தி இருந்தது. நான் சன்னலருகே நொண்டிப் போய்ப் பார்த்தேன். கீழே வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில், மருத்துவமனை உடுப்போடு, கையில் மருந்துக் குழாயின் கட்டோடு அவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு மணிக்கு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிய பாப்பாக்கா, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ் வந்தது. பாப்பாக்கா எழுந்து ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார்; பஸ் போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதையும் அனுப்பினார். தாதி வருவதைப் பார்த்து நான் சன்னல் திரையை இழுத்து மூடினேன்.

என்ன பேசினார்கள் என்பதைத் தர்மேந்திரன் அன்று மாலை என்னிடம் சொன்னான். யாரையோ பார்க்க வந்த ஒருவர் அவன் கட்டிலுக்கு அருகில் நின்றே, ‘இவனுக்கெல்லாம் எதுக்கு இவ்வளவு மருந்து, மறுபடி குத்திக்கத்தானே போறான்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“நான் மறுபடி குத்த மாட்டேன்னு எனக்கே தெரியாதுக்கா,” என்றானாம்.

“யாருக்கு தெரியும்? எனக்கும் தெரியாது.”

“பின்ன ஏன் என்னைய இப்படி போட்டு படுத்துறீங்க?”

பாப்பாக்கா ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொன்னாராம். “எனக்கு ஒரு தம்பி. பிச்சைமுத்துன்னு பேரு. இதே சீக்கு. இதே வார்டு. அப்பதான் நான் வேலைக்கு சேந்த புதுசு. மூணாம் நாளு ஃபார்ம் கேட்டான். பேனா கேட்டான். நல்ல பேனாவா பாத்து நாந்தான்டா குடுத்தேன். பதினோரு நாள்ல முடிஞ்சிருச்சு.”

அதற்குப் பிறகு வந்தது மூன்றாவது பஸ். அதை அனுப்பியது தர்மேந்திரன்.

திரும்பி வந்ததிலும் ஒரு சிக்கல். மோட்டார் சைக்கிளில் அவனைப் பின்னால் ஏற்றி, தன் ஹெல்மெட்டை அவனுக்கு மாட்டிவிட்டார் பாப்பாக்கா. இதயம் பழுதானவன் தலையையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. வாசலில் ஜாகா மறித்தான். ஹெல்மெட் இல்லாமல் வளாகத்துக்குள் ஓட்டக் கூடாது. பின்னால் உட்கார்ந்திருந்தவன்தான் அரை மணி நேரமாக வாக்கிடாக்கியில் தேடப்படும் நோயாளி என்பதை ஜாகா கவனிக்கவில்லை. கடைசியில் பாப்பாக்கா இறங்கி வண்டியைத் தள்ளினார். வண்டியின் மேல் ஹெல்மெட்டோடு தர்மேந்திரன் மாப்பிள்ளை ஊர்வலம் போல வந்து சேர்ந்தான்.

நாற்பத்திரண்டு நாளும் முடிந்தது. எனக்கும் அவனுக்கும் இரண்டு நாள் இடைவெளியில். அவன் வால்வில் சின்னக் கசிவு இருக்கிறது, மாத்திரையில் ஓட்டலாம், அறுவை இப்போது வேண்டாம் என்றார்கள். அவன் பதிவைச் சிலிம் ரிவரில் அவன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்குக்கு மாற்றிக் கொடுத்தார் குமரப்பன். இடையில் ஒரு முறை மறுபடி ஊசியில் வழுக்கி, மறுநாளே அவனாகவே டாக்டர் தக்ஷாயினிக்குத் தொலைபேசி போட்டுச் சொன்னான் என்று கேள்விப்பட்டேன். இப்போது மறுபடி டயர் கடையில் இருக்கிறான்.

மூன்று மாதம் கழித்து என் காலை டாக்டரிடம் காட்டப் போனபோது வார்டுக்கும் போனேன். செவ்வாய்க்கிழமை. ஜோடி ரவுண்டு வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பதினான்காம் கட்டிலில் புதிதாக ஒருவன் வந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். முழங்கை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை, பெயர்கூடச் சொல்லவில்லை என்றார் தாதி. முகம் சுவரைப் பார்த்திருந்தது.

பாப்பாக்கா ஈரத் துணியால் அவன் முகத்தைத் துடைத்தார். சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுவிட்டார். பரட்டையாகக் கிடந்த தலையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“டாக்டருங்க வாராங்க. இப்படி இருந்தா பாதி கேள்விதான் கேப்பாங்க உன்னைய.”

அவன் அசையவில்லை. பாப்பாக்கா இடுப்புப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் குழாய் நீரில் நனைத்தார்.

“வகுடு எந்தப் பக்கம்டா எடுப்ப?”

வெளியே நடைபாதையில் டாக்டர்களின் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. அவர் அவசரப்படவில்லை. நீர் சொட்டும் சீப்பை அவன் தலைக்கு மேல் பிடித்தபடி, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.